பறப்பது ஒரு மணி. அலைவது மூன்று மணி!

லண்டனில் இருந்து பாரிசுக்கு தினசரி விமானம் 1919 ஆகஸ்டு 25-ந் தேதி தொடங்கியது. அன்று பறக்க சுமார் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இன்று ஒன்றே கால் மணி நேரம்தான். தூரம் அதே 340 கிலோ மீட்டர்.

நேரம் பாதியாகி விட்டதே என்று மகிழலாமா? கூடாது. அது அரைக் கணக்கு!

விமானம் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. லண்டன் ஹீத்ரோ, பாரிஸ் சார்லஸ் தெ கால் ஆகிய இரு விமான நிலையங்களுமே நகரின் நடுவில் இருந்து 20 கிலோ மீட்டருக்கு அப்பால் உள்ளன. முன்கூட்டியே போக வேண்டும். சோதனைக்கு நிற்க வேண்டும். இறங்கிய பிறகு பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டும். கைக்குழந்தையோடு போகிற தாயின் பாட்டைச் சொல்லவே வேண்டாம்! கூட்டிப் பார்த்தால் நாலு மணி நேரம் ஓடி விடுகிறது.

ரெயில் அப்படி அல்ல. 1994-ல் கடலுக்கு அடியில் 50 கிலோ மீட்டர் நீளச் சுரங்கம் திறக்கப்பட்டது. அதன் வழியே ரெயில் 2 மணி 20 நிமிடத்தில் பாரிஸ் நகருக்குள்ளேயே கொண்டு விடுகிறது. பாஸ்போர்ட் சோதனை ஏறும் இடத்திலேயே முடிந்து விடும். இறங்கியவர் நேரே தெருவில் நடக்கலாம்.

ஆனால், ரெயில் கட்டணம் பல நாட்களில் விமானக் கட்டணத்தை விட அதிகம். குடும்பத்தோடு போகிறவர் என்ன செய்வார்? மலிவான டிக்கெட்டை வாங்கி, அரை நாளை இழக்கிறார். டிக்கெட் விற்கிறவர்கள் பறக்கும் நேரத்தோடு, நகரில் இருந்து நகருக்குப் போய்ச் சேரும் நேரத்தையும் அச்சிட்டுக் கொடுக்கட்டும்.