பதிவேடு மலைபோல் குவியுது. படிக்க ஆள் எங்கே?

பூட்டு உடையவில்லை. யாரும் சுவர் ஏறிக் குதிக்கவில்லை. வாசலில் நின்ற காவலர் கண்ணிலும் எதுவும் படவில்லை. ஆனாலும் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் வேவு பார்க்கும் வைரஸ் புகுந்து உட்கார்ந்துவிட்டது!

நடந்தது 2019-ம் ஆண்டு. அந்த ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி, மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான 'செர்ட்-இன்' இதைக் கண்டு, இந்திய அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது. அக்டோபர் 28-ந் தேதி சமூக வலைத்தளங்களில் விஷயம் கசிந்து பரபரப்பானது. மறுநாள் நிலையத்தின் சார்பில் ஓர் அறிக்கை வந்தது. பொய்த் தகவல் பரப்பப்படுகிறது. உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் வெளி இணைப்பு இல்லாமல் தனியாக இருக்கின்றன. அவற்றைத் தாக்க முடியாது என்றது அறிக்கை.

அதற்கும் அடுத்த நாள் அணுமின் கழகமே உண்மையை ஒப்புக்கொண்டது. வைரஸ் இருந்தது நிஜம்தான். நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டில் சேர்த்திருந்த கம்ப்யூட்டரில் இருந்தது. உலைப் பகுதிக்குப் பாதிப்பில்லை என்று சொன்னது.

உலைக்கு ஆபத்து இல்லை என்பது நிம்மதிதான். ஆனால் 'டி-டிராக்' என்ற அந்த வைரஸ் லேசுப்பட்டது அல்ல. கீபோர்டில் தட்டுகிற எழுத்து, பார்த்த இணையதளங்கள், கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளின் பட்டியல் எல்லாவற்றையும் சுருட்டக்கூடியது. வீட்டுக்குள் ஆள் புகுந்த சேதியை வீட்டுக்காரருக்கு வெளியாள் வந்து சொல்ல வேண்டியதாயிற்று. செப்டம்பர் 4-ல் தெரிந்த விஷயத்தை அணுமின் கழகம் ஒப்புக்கொள்ள 56 நாள் ஆனது.

எல்லாம் எழுதி வைக்கும் கணக்குப்பிள்ளை

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு கணக்குப்பிள்ளை உண்டு. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் தப்பான பாஸ்வேர்டு போட்டார், எந்தக் கோப்பைத் திறந்தார், யாருக்குப் புதிதாக அனுமதி கொடுத்தார்கள் என்று வரி தவறாமல் எழுதுவது அதன் வேலை. இதைத்தான் 'லாக்' என்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷன் டைரி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

தொல்லை என்னவென்றால், அளவு. ஒரு கம்ப்யூட்டர் விநாடிக்கு ஒரு வரி எழுதினால் ஒரு நாளைக்கு 86 ஆயிரத்து 400 வரி. ஆயிரம் கம்ப்யூட்டர் உள்ள இடத்தில் ஒரே நாளில் 8 கோடியே 64 லட்சம் வரி! இதை எந்தக் குமாஸ்தா உட்கார்ந்து படிப்பார்?

படிக்காவிட்டால் என்ன ஆகும்? கடைக்காரர்களுக்குத் தெரியும். கடையில் மாட்டிய கேமரா ராத்திரி பகலாகப் படம் பிடிக்கும். டிஸ்க் நிறைந்ததும் பழைய படத்தின் மேலேயே புதுசை எழுதிவிடும். ஒரு மாதம் கழித்துத் திருட்டு தெரிந்து தேடினால் ஒன்றும் இருக்காது. லாக்கும் அப்படித்தான். ஒதுக்கிய இடம் நிறைந்ததும் பழைய வரி அழிந்துபோகிறது. பொறுமையான திருடனுக்கு இது போதும்.

குறுக்குத்துறை சொல்லும் பாடம்

தாமிரபரணியில் ஓடுகிற ஒவ்வொரு சொட்டையும் யாரும் எண்ணுவதில்லை. குறுக்குத்துறை முருகன் கோவிலைத் தண்ணீர் சூழ்ந்தால் நெல்லை ஊரே உஷாராகிவிடுகிறது. அடையாளம் ஒன்றுதான், ஆனால் சரியான அடையாளம்.

லாக் விஷயத்திலும் இதுதான் வழி. சில வரிகள் வந்தால் மணி அடிக்க வேண்டும். ஒரே பெயரில் நூறு தடவை தப்பான பாஸ்வேர்டு, நடு ராத்திரியில் புது அதிகாரி பெயர், வெளிநாட்டு முகவரிக்கு மூட்டை மூட்டையாகத் தகவல் போவது, எல்லாவற்றுக்கும் மேலாக லாக்கையே யாராவது அழிப்பது. புகுந்தவன் தடத்தை அழிக்கப் பார்ப்பான். அதனால் எழுதிய கையோடு பிரதி எடுத்து, அவன் கை எட்டாத வேறு கம்ப்யூட்டரில் பூட்டி வைக்க வேண்டும். எல்லாக் கம்ப்யூட்டர் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்று கோர்ட்டில் சொல்ல முடியாது.

மணி அடித்தால் மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி உண்டு. 2013-ல் அமெரிக்காவின் 'டார்கெட்' கடைகளில் 4 கோடி வாடிக்கையாளர் கார்டுகளின் விவரம் களவு போனது. பாதுகாப்புக் கருவி முன்கூட்டியே எச்சரித்தது. அதைப் பார்த்த குழு, உடனடி நடவடிக்கை தேவையில்லை என்று விட்டுவிட்டதாக அந்த நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. நாள் முழுக்க அடிக்கிற மணிக்குக் காது பழகிவிடுகிறது!

உத்தரவு இருக்கிறது

2022 ஏப்ரல் 28-ந் தேதி செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. லாக்குகளை 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். கடிகாரங்களை அரசு நேரத்தோடு பொருத்த வேண்டும். அரசு அலுவலகம், தனியார் கம்பெனி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

நல்ல உத்தரவுதான். ஆனால் மேலே சொன்ன கணக்குப்படி ஆயிரம் கம்ப்யூட்டர் 180 நாளில் எழுதுவது 1,555 கோடி வரி. மூட்டை கட்டி வைத்தால் சட்டத்துக்குக் கணக்குச் சரியாகிவிடும். திருடன் சிக்கமாட்டான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

கூடங்குளத்தில் 3, 4-வது உலைகளின் கட்டுமானம் 2017-லும், 5, 6-வது உலைகளின் கட்டுமானம் 2021-லும் தொடங்கியது. உலை பெருகினால் ஆபீஸ் பெருகும். ஆபீஸ் பெருகினால் கம்ப்யூட்டரும் பெருகும். அணுமின் நிலையம் மட்டுமல்ல. நெல்லைச் சீமை மக்களின் சம்பளம், பென்ஷன், பட்டா, வரி, வங்கிக் கணக்கு எல்லாம் இன்று கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது.

ஆகவே பெரிய அலுவலகம் ஒவ்வொன்றிலும் லாக்கைப் பார்ப்பதே வேலையாக ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் பெயர் உத்தரவில் இருக்க வேண்டும். அவர் மணி அடித்தால் அன்றைக்கே மேலதிகாரி எழுந்து வர வேண்டும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஊடுருவல் நடந்தால் முதல் அறிக்கையிலேயே உண்மை வர வேண்டும். மறுப்பு ஒரு நாள், ஒப்புதல் மறுநாள் என்ற கூத்து கூடாது.

லாக் எழுத மெஷின் போதும். படித்துவிட்டு 'திருடன்' என்று கத்த மனுஷன் வேண்டும். அந்த மனுஷனை எப்போது போடப்போகிறார்கள்?