சைலன்சரை மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: ‘‘எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் இரண்டு கறவை மாடுகளும் இருக்கின்றன. காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவதும், மகன் ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போவதும் ஒரே பைக்கில்தான். தவணையில் வாங்கி 14 மாதம் ஆகிறது. மகன் வேறு சைலன்சர் மாட்டி, ஏர் ஃபில்டரையும் மாற்றி, பிக்கப் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ‘ரீமேப்’ செய்திருக்கிறான். போன மாதம் ஏலகிரி மலை ஏறும்போது இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. அதற்கு முன்பிருந்தே பெட்ரோல் டேங்க்கின் அடியில், வெல்டிங் ஓரத்தில் கசிவு இருக்கிறது. சர்வீஸ் சென்டரில், ‘வண்டியில் கை வைத்துவிட்டீர்கள். வாரண்டி முழுவதும் ரத்து’ என்கிறார்கள். இன்னும் 10 மாதத் தவணை பாக்கி. எதற்குமே வழியில்லையா?’’

– வாசகர் ஒருவர், வாணியம்பாடி.

பதில்: இங்கே இருப்பது இரண்டு தனித்தனிப் பழுதுகள். இன்ஜின் பழுதில் கம்பெனியின் வாதம் வலுவானது. டேங்க் கசிவில் வாசகரின் வாதம் வலுவானது. ‘முழுவதும் ரத்து’ என்ற ஒரே வார்த்தையில் இரண்டையும் சேர்த்து மூடிவிட இடம் கொடுக்கக் கூடாது.

வாரண்டி என்பது, பொருளிலோ தயாரிப்பிலோ குறை இருந்தால் இலவசமாகச் சரிசெய்து தருவதாகக் கம்பெனி எழுத்தில் கொடுக்கும் வாக்கு. இப்போது பல கம்பெனிகள் இருசக்கர வாகனங்களுக்கு 5 ஆண்டு வரை தருகின்றன. ஆனால், அந்த வாக்கோடு நிபந்தனைகளும் சேர்ந்தே வருகின்றன. குறித்த கிலோமீட்டரில் அங்கீகரிக்கப்பட்ட சென்டரில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும். சொன்ன தரத்தில் ஆயில் ஊற்ற வேண்டும். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றக் கூடாது. பாகங்களை மாற்றியமைக்கக் கூடாது. கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, செயின், ஃபில்டர், பல்பு போன்று தேய்ந்துபோகும் பொருள்களுக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த கம்பெனிகளின் வாரண்டி தனியாக இருக்கும். இவை எல்லாம் வண்டியோடு கொடுக்கும் கையேட்டின் பின்பக்கங்களில் இருக்கின்றன. வண்டி வாங்கிய அன்றே படிக்க வேண்டிய பக்கங்கள் இவைதான்.

இன்ஜின் பழுதில் கம்பெனியின் வாதம் ஏன் வலுவானது? 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் வண்டிகள் பி.எஸ்.-6 தரத்தில் இருக்க வேண்டும். இவற்றில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது தீப்பொறி கொடுக்க வேண்டும் என்பதை ஈ.சி.யு. என்ற சிறிய கம்ப்யூட்டர் பெட்டி முடிவுசெய்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். கம்பெனியின் ஏர் ஃபில்டர், சைலன்சர், அதற்குள் இருக்கும் புகை வடிகட்டி, ஆக்ஸிஜன் சென்சார் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் அந்தப் பெட்டியில் அளவுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன.

ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றினால் உள்ளே போகும் காற்றும் வெளியேறும் புகையும் மாறும். பெட்ரோல் அதற்கு ஏற்றபடி கூடாவிட்டால், கலவை வறண்டு இன்ஜின் அதிகமாகச் சூடேறும். ரீமேப் என்பது ஈ.சி.யு.வில் பதித்த அளவுகளையே மாற்றி எழுதுவது. குறிப்பிட்ட வண்டியைக் கருவியில் ஏற்றி அளந்து பார்க்காமல், எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கை ஏற்றிவிட்டால் ஆபத்து கூடுகிறது. தீப்பொறி முன்கூட்டியே விழுந்தால் ‘நாக்கிங்’ என்னும் தட்டல் சத்தம் வரும். சமவெளியில் மெதுவாகப் போகும்போது இது தெரியாமல் இருக்கலாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஆளையும் பாரத்தையும் சுமந்து ஏறும்போது சூடு உச்சத்துக்குப் போகும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும்.

ஏர் ஃபில்டரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பாலாற்றங்கரை மண்பாதையிலும் வயல் வரப்பிலும் ஓடும் வண்டிக்குத் தூசிதான் முதல் எதிரி. காற்று தாராளமாகப் போகிறது என்று மாட்டும் சில ஃபில்டர்கள் தூசியையும் தாராளமாக உள்ளே விடும். சிலிண்டரும் பிஸ்டன் ரிங்கும் நாளாக நாளாகத் தேயும். ஆயில் குறையும். நீலம் கலந்த புகை வரும்.

அதற்காக, ‘ரீமேப் செய்த வண்டி, அதனால்தான் ஜாம் ஆனது’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. இன்ஜின் ஜாம் ஆவதற்கு ஆயில் பம்ப் பழுதும் காரணமாக இருக்கலாம். பிஸ்டனின் தலை உருகியோ, ஓட்டை விழுந்தோ இருந்தால் அதிக சூட்டையும் நாக்கிங்கையும் சந்தேகிக்க வேண்டும். பக்கவாட்டில் கோடு கோடாகக் கீறி, கிராங்க் பேரிங்கும் கறுத்திருந்தால் ஆயில் போய்ச் சேரவில்லையா என்று பார்க்க வேண்டும். எனவே, இன்ஜினைப் பிரிக்கும்போது உடன் இருந்து பார்க்க அனுமதி கேட்க வேண்டும். பிரித்த பாகங்களைப் படம் எடுத்துக்கொண்டு, எது எதனால் கெட்டது என்று எழுத்தில் கேட்க வேண்டும். ரீமேப்தான் காரணம் என்று தெரிந்தால் அந்தச் செலவு வாசகருடையதுதான்.

டேங்க் கசிவு வேறு கதை. சைலன்சரை மாற்றியதற்கும் டேங்க்கின் வெல்டிங் விட்டதற்கும் என்ன தொடர்பு என்று கம்பெனிதான் விளக்க வேண்டும். இதற்குத் துணையாகச் சொல்லத்தக்க ஓர் உத்தரவு இருக்கிறது. 2014 ஆகஸ்ட் 25-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராக உத்தரவிட்டது. மொத்தம் ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்ததோடு, வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காகவே வாரண்டியை முழுவதுமாக ரத்து செய்யக் கூடாது என்றும் சொன்னது. வெளியில் செய்த தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதம் வந்ததோ, அந்த அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்பது அதன் நிலை. அந்த உத்தரவை எதிர்த்துக் கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன. அது கார்களைப் பற்றியது, பழுதுபார்ப்பைப் பற்றியது. பைக் ரீமேப்பைப் பற்றியது அல்ல. ஆனாலும், சேதத்துக்கும் காரணத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்ற நியாயம் டேங்க் விஷயத்தில் எடுத்துச் சொல்லத்தக்கது. எப்படியிருந்தாலும், பெட்ரோல் கசியும் வண்டியைச் சரிசெய்யாமல் ஓட்டவும் வேண்டாம். மாட்டுக்கொட்டகையில், வைக்கோல் பக்கத்தில் நிறுத்தவும் வேண்டாம்.

செய்ய வேண்டியவை:

1. இன்ஜின், டேங்க் இரண்டுக்கும் தனித்தனிப் புகாராக ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்கவும். டேங்க் கசிவு பற்றி முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பழைய ஜாப் கார்டு மிக முக்கியம்.

2. வாரண்டி மறுப்பை, எந்த நிபந்தனைப்படி என்று குறிப்பிட்டு எழுத்தில் கேட்கவும். டீலர் தர மறுத்தால், கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்குப் பதிவுத் தபால் அல்லது மின்னஞ்சல் அனுப்பவும்.

3. முடிவு தெரியும்வரை வெளி மெக்கானிக்கிடம் இன்ஜினைப் பிரிக்கக் கொடுக்க வேண்டாம். பிரித்துவிட்டால் சாட்சியம் போய்விடும். பழைய சைலன்சரை அவசரமாக மாட்டி மறைக்கவும் வேண்டாம். மறைத்தது தெரிந்தால் நியாயமான டேங்க் புகாரையும் நம்ப மாட்டார்கள்.

4. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். தேவைப்பட்டால் பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

வாரண்டி மட்டுமல்ல, வண்டியைச் சட்டமும் பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. அனுமதியில்லாமல் மாற்றியமைத்தால் 182-ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால் விபத்துக் காலத்தில் காப்பீட்டுக் கம்பெனியோடும் தகராறு வரும். வீட்டுக்கு ஒரே வண்டி என்றால், பிக்கப்புக்காக இவ்வளவையும் பணயம் வைப்பது கட்டுப்படியாகாது.

கேள்வி: ‘‘பழைய பைக் இன்ஜினில் களை எடுக்கும் கருவி செய்யலாம் என்கிறார்களே, அது சட்டப்படி சரியா?’’

– வாசகர் ஒருவர், ஆலங்காயம்.

பதில்: குஜராத் மாநிலம் அம்ரேலி மாவட்டத்தைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி, 1994-ல் புல்லட் பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அங்கே இரண்டு சக்கரங்களோடு உழவுக் கருவியைப் பொருத்தினார். ‘புல்லட் சாந்தி’ என்று பெயர் பெற்ற அந்தக் கருவியைத் தேசிய கண்டுபிடிப்பு அறக்கட்டளை அங்கீகரித்தது. மாடு வைத்துக் கட்டுப்படியாகாத சிறு விவசாயிகளுக்கு அது கைகொடுத்தது. வாரண்டி முடிந்த பழைய வண்டியில், வயலுக்குள் மட்டும் ஓட்ட இப்படிச் செய்வது ஒன்று. அதையே பொதுச்சாலையில் ஓட்டுவது வேறு. சாலைக்கு வந்தால் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். எனவே, செய்வதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, ஆர்.சி.யை என்ன செய்வது என்று தெரிந்துகொள்வது நல்லது. தவணை பாக்கி இருக்கும் வண்டியில் கை வைக்கவே வேண்டாம்.

கேள்வி: ‘‘பவர் வீடரை உள்ளூர் மெக்கானிக்கிடம் காட்டினால் வாரண்டி போய்விடும் என்கிறார்கள். கம்பெனி மெக்கானிக் வர ஒரு வாரம் ஆகிறது. களை காத்திருக்குமா?’’

– வாசகி ஒருவர், நாட்றம்பள்ளி.

பதில்: களை காத்திருக்காது. இந்தச் சிக்கல் உலகம் முழுவதும் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், விவசாயக் கருவிகளை விவசாயியே பழுதுபார்க்கத் தேவையான உதிரிபாகங்களையும் விவரங்களையும் கம்பெனிகள் தர வேண்டும் என்று 2023-ல் சட்டம் போட்டார்கள். இந்தியாவில் மத்திய நுகர்வோர் நலத்துறை 2022-ல் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவிகளும் அதில் ஒரு பிரிவு. கம்பெனிகளின் சர்வீஸ், வாரண்டி விவரங்களை அதில் பார்க்கலாம்.

வாரண்டி காலத்தில் பழுது வந்தால் முதலில் கம்பெனிக்குப் போனிலும் குறுஞ்செய்தியிலும் புகார் சொல்லி, புகார் எண் வாங்கவும். எப்போது வருவார்கள் என்பதை எழுத்தில் கேட்கவும். தாமதத்துக்கு அதுவே சாட்சி. ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது, ஃபில்டர் சுத்தம் செய்வது போன்று கையேட்டில் உரிமையாளரே செய்யலாம் என்று சொன்ன வேலைகளைத் தயங்காமல் செய்யலாம். இன்ஜினையும் கியர் பாக்ஸையும் மட்டும் கம்பெனி ஆள் வருவதற்கு முன் பிரிக்க வேண்டாம். ஆயில் வாங்கிய பில்லைக் கையேட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும்.