ஃபில்டரை அறுக்காதீர்கள், கரி எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்

"அண்ணே, அந்த டப்பாவை அறுத்துட்டு வெறும் பைப்பை வெச்சு வெல்டு பண்ணிக் குடுங்க. தொல்லை விட்டுடும்." நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் ஓனர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். நான் செய்து கொடுப்பதில்லை. காரணத்தை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 விதி வந்தபின், புதிய கனரக டீசல் லாரிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. பிடித்த கரியை அவ்வப்போது எரித்துத் தீர்ப்பதைத்தான் ரீஜென் என்கிறோம். பாரம் ஏற்றி நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டியில், புகையின் சூட்டிலேயே பெரும்பகுதி எரிந்துவிடும். அது போதாதபோது இன்ஜினே கூடுதல் டீசலைச் செலவழித்து, ஃபில்டருக்குள் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றும். அந்த நேரம் பார்த்து டீக்கடையில் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தால் வேலை பாதியில் நின்றுபோகும். குவாரிக்கும் ஊருக்கும் நடுவே ஜல்லி அடிக்கும் டிப்பர்களுக்கு இந்தச் சங்கடம் அதிகம்.

கரி அதிகம் சேர்ந்தால் கேபினில் ஃபில்டர் லைட் எரிகிறது, வண்டியை நிறுத்தி ரீஜென் போடுகிறார்கள், அணைகிறது. கொஞ்ச நாளில் மறுபடி எரிகிறது. இப்படியே போய்க் கடைசியில், "ஃபில்டர் போச்சு, புதுசு மாத்துங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் இது தவறான தீர்ப்பு என்பேன். ஃபில்டர் கரியைப் பிடிக்கிறதே தவிர உண்டாக்குவதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது பிரஷர் சென்சார். ஃபில்டரின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அதுதான் அளந்து சொல்கிறது. அதற்குப் போகும் சின்ன ஹோஸ்களைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். சூட்டில் வெடித்திருக்கும், அல்லது உள்ளே கரி அடைத்திருக்கும். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் ஸ்கேனரில் வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அப்போதே ஏதோ ஓர் எண்ணைக் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. அதன் பேச்சைக் கேட்டு ஃபில்டரை மாற்றினால் காசு வீண்.

அடுத்து டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் காற்று ஹோஸ். கிளிப் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் காற்று கசிகிறதா என்று சோதியுங்கள். காற்று குறைந்தால் டீசல் சரியாக எரியாது, கரிதான் மிஞ்சும். ஒழுகும் இன்ஜெக்டர், புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு மூடாமல் நிற்பது, எண்ணெயை விடும் டர்போ சீல் எல்லாம் இந்த வகைதான். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் சூடேறாது, ரீஜென் தொடங்கவே தொடங்காது. இதைப் பலர் பார்ப்பதே இல்லை.

சாம்பல் வேறு கணக்கு. விறகு எரிந்தாலும் அடுப்பில் சாம்பல் தங்குவதுபோல, இன்ஜின் ஆயிலில் உள்ள சேர்மானங்கள் எரிந்து ஃபில்டருக்குள் தங்கிவிடும். அது எத்தனை ரீஜென் போட்டாலும் போகாது. கழற்றி, அதற்கான மெஷினில்தான் சுத்தம் செய்ய வேண்டும். விலை குறைவு என்று பழைய ரக ஆயிலை ஊற்றினால் சாம்பல் சீக்கிரம் சேரும். கம்பெனி சொன்ன, சாம்பல் குறைவான ஆயிலையே ஊற்றுங்கள்.

ஃபில்டரை அறுப்பது சட்டப்படி குற்றம். ஆனால் நான் மறுப்பதற்குக் காரணம் அது மட்டுமல்ல. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் டிரைவர், கிளீனர், பட்டறைப் பையன்கள். அவர்கள் நெஞ்சில் கரி ஏற என் வெல்டிங் ராடைத் தர மாட்டேன்.

லாரி கம்பெனிகளும் கொஞ்சம் இறங்கி வர வேண்டும். அந்த லைட் எரிந்தால் என்ன செய்வது என்பதைத் தமிழில் அச்சடித்து கேபினில் ஒட்டிக் கொடுங்கள். காய்ந்த புல்லின் மேல் நிறுத்தி ரீஜென் போடக்கூடாது என்பதையும் அதில் சேருங்கள். வெளிப் பட்டறைகளுக்கும் ஸ்கேனர் விவரங்களைத் திறந்துவிடுங்கள்.

ஓனர்களே, ரீஜென் போட்டதற்கு பில் நீட்டினால், கரி ஏன் சேர்ந்தது என்று எழுதிக் கேளுங்கள். அந்தப் பதில் கைக்கு வரும்வரை புது ஃபில்டருக்குப் பணம் கட்டாதீர்கள்.