பித்தி, பிணம், பொம்மை

'செரினிட்டி' ஒரு பெண்ணியப் படம் என்று சொல்பவர்களோடு எனக்கு வழக்கு உண்டு. அவர்களில் என் மாணவிகள் சிலரும் இருப்பதால் வழக்கைச் சற்று விரித்தே பேச வேண்டியிருக்கிறது.

2002 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'ஃபயர்ஃப்ளை' என்ற அறிவியல் புனைவுத் தொடர் தொடங்கியது. எடுத்தது 14 பகுதிகள். 11 ஒளிபரப்பானதோடு அந்த டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். ரசிகர்கள் விடவில்லை. டிவிடி விற்பனையும் அவர்களது ஓயாத குரலும் சேர்ந்து, 2005 செப்டம்பர் 30 அன்று அதைத் திரைப்படமாக மீட்டுக்கொண்டு வந்தன. எழுதி இயக்கியவர் தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன். வலிமையான பெண்களைப் படைப்பவர் என்று கொண்டாடப்பட்டவர்.

படத்தில் பெண்கள் இருக்கிறார்கள்தான். கப்பலின் இரண்டாம் பொறுப்பில் போர் கண்ட ஸோயி. எந்திரங்களைப் பேணுபவள் கெய்லி. மனிதரைத் தின்னும் ரீவர் கூட்டத்தைக் கடைசியில் ஒற்றையாளாக வெட்டிச் சாய்க்கிறாள் இளம்பெண் ரிவர். இதைத்தான் பெண்ணியம் என்கிறார்கள். நான் கேட்பது வேறு: இந்தப் படத்தில் ஒரு பெண் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

கதையின் நடுவே ஓர் உண்மை புதைந்து கிடக்கிறது. மிராண்டா என்ற கிரகத்தில் மக்களைச் சாந்தப்படுத்தவென்று அரசு காற்றில் ஒரு மருந்தைக் கலந்தது. மூன்று கோடிப் பேர் சாந்தமானார்கள். வேலை செய்வதை, பேசுவதை, உண்பதை விட்டார்கள். கிடந்த இடத்திலேயே செத்தார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு மருந்து எதிராக வேலை செய்ய, அவர்கள் ரீவர்களானார்கள். அரசு இதை மூடி மறைத்தது.

இதை அறிந்த முதல் பெண் ரிவர். திறமைசாலிப் பிள்ளைகளுக்கான பள்ளி என்று 14 வயதில் சேர்க்கப்பட்டவள். அங்கே அவள் மூளையை அறுத்து அவளை ஆயுதமாக்கினார்கள். பிறர் மனதைப் படிக்கும் அவளுக்குள் ஆட்சியாளர்களின் ரகசியம் இறங்கிவிட்டது. அலறுகிறாள், மிராண்டா என்கிறாள். கப்பலில் இருப்பவர்களுக்கு அது பித்து. உயிரைக் கொடுத்து அவளைக் காக்கும் அண்ணனுக்கும் அவள் நோயாளிதான், சாட்சி இல்லை.

இரண்டாமவள் மிராண்டாவில் நடந்ததை ஆராயப் போன பெண் விஞ்ஞானி. நடந்ததைத் தெளிவாகச் சொல்லிப் பதிவுசெய்கிறாள். பதிவு ஓடும்போதே ரீவர்கள் அவள் மேல் பாய்கிறார்கள். அவள் பேச்சு உலகுக்குப் போய்ச் சேர்வது அவள் செத்த பிறகு.

மூன்றாமவள் பெண்ணே இல்லை. தகவல் தொடர்பில் கைதேர்ந்த ஒருவன் மனைவியாக வைத்திருக்கும் எந்திரப் பொம்மை. சாகும் தறுவாயில் தன் செய்தியை அவன் அதன் வாயில் ஏற்றிவைக்கிறான். ஒலிபரப்ப இன்னோர் இடம் இருக்கிறது என்று பொம்மை சொன்னதும் கப்பல் தலைவன் மால் மறுகேள்வி கேட்காமல் அங்கே ஓடுகிறான். பொம்மையின் வாயில் வந்தது ஓர் ஆணின் சொல் அல்லவா!

பித்தி, பிணம், பொம்மை. உண்மையின் அலையை யாராலும் தடுக்க முடியாது என்பது படத்தின் நீதி. ரசிகர்கள் அதையே முழக்கமாக்கிக்கொண்டார்கள். அந்த அலையை அனுப்பும் கை மாலின் கை.

தமிழ் படித்தவளுக்கு இது பழகிய கதை. பாண்டியன் அவையில் கண்ணகி வாயால் சொன்னது போதவில்லை. சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறிக்க வேண்டியிருந்தது. பிறகு அவளைத் தெய்வமாக்கினோம்.

'ஆனால் ரிவர் சண்டை போடுகிறாளே மேடம்' என்பார்கள். மாமல்லபுரம் மகிடாசுரமர்த்தினி குகைக்கு மாணவிகளை அழைத்துப் போயிருக்கிறேன். எட்டுக் கைகளோடு சிங்கத்தின் மேலிருந்து வில் வளைக்கிறாள் கொற்றவை. சுமார் 1,300 ஆண்டுகளாக அசுரன் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறான். அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பேருந்தில் ஒருத்தி, பின்னால் நின்றவனின் கையைப் பற்றிச் சொன்னாள். 'கூட்டத்துல தெரியாம பட்டிருக்கும்மா' என்றார் நடத்துநர். கல்லில் இருப்பவளின் வில்லை நம்புகிற ஊர், பேருந்தில் இருப்பவளின் வாயை நம்பவில்லை. சண்டை போடும் பெண்ணை ரசிப்பது சுலபம். அவளிடம் நாம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

படைத்தவருக்கு வருவோம். வீடனின் முன்னாள் மனைவி காய் கோல், தன்னோடு இருந்த உறவை அவர் கேடயமாக்கிக்கொண்டார் என்று 2017இல் எழுதினார். அவரது 'ஏஞ்சல்' தொடரில் நடித்த கரிஸ்மா கார்ப்பென்டர், கர்ப்பமாக இருந்தபோது அவமதிக்கப்பட்டதையும் பிரசவத்துக்குப் பின் நீக்கப்பட்டதையும் 2021இல் சொன்னார். வீடன் பல குற்றச்சாட்டுகளை மறுத்தார். கார்ப்பென்டரிடம் நயமாக நடந்துகொள்ளவில்லை என்று மட்டும் ஒப்புக்கொண்டார். கார்ப்பென்டர் சொன்னவை 'ஃபயர்ஃப்ளை' காலத்தவை. நின்றுபோன தொடருக்கான குரல் மூன்று ஆண்டில் படமானது. ஒரு நடிகையின் குரல் வெளிவர 18 ஆண்டு பிடித்தது. முன்னதற்குச் சந்தை இருந்தது.

தடுக்க முடியாத அலை என்று ஒன்று கிடையாது. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் இதே செங்கல்பட்டில்தான் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடி, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டு மகள்களுக்கு அது சட்டமானது 1989இல். நாடு முழுவதற்கும் 2005 செப்டம்பர் 9 அன்று, 'செரினிட்டி' வெளியாவதற்கு மூன்று வாரம் முன்பு. செங்கல்பட்டுக்கும் டெல்லிக்கும் நடுவே 76 ஆண்டு. வழியெல்லாம் தடுத்தார்கள், விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்ததால் போய்ச் சேர்ந்தது.

இன்று கல்லூரிகளில் உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளும் தந்தது. புகாரை மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம். 18 ஆண்டு கழித்துத் திறக்கும் வாய்களும் இருக்கும் உலகில் இது போதாது. கெடுவை நீட்டச் சொல்லி நாம் கேட்க வேண்டும். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே ஒரு புகார் பொய்ப்புகார் ஆகிவிடாது. 'ஆதாரம் இருக்கா?' என்ற முதல் கேள்வியிலேயே வாயடைத்துத் திரும்பும் பெண்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

செரினிட்டியைப் பாருங்கள், ரிவரின் வாள்வீச்சுக்குக் கைதட்டுங்கள். மறுநாள் காலை அந்தச் சட்ட வரியைத் தமிழில் எழுதி விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். கிழித்தால் மறுபடி ஒட்டுங்கள்.