வீடு போனாலும் பள்ளி போகக்கூடாது

பேத்தமங்களா ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல். பாலாற்றுத் தண்ணீர் இந்த ஏரியில் தேங்கி, குழாய் வழியாகச் சுரங்கத்துக்கும் தொழிலாளர் லைன்களுக்கும் போனது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து, 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்படும்வரை, வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கமிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை, வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி எல்லாமே சுரங்கத்தின் மூலமாகத்தான் கிடைத்தன. அதனால் சுரங்கம் மூடப்பட்டபோது போனது சம்பளம் மட்டுமல்ல. தலைக்கு மேலிருந்த கூரையும் கம்பெனிக்குச் சொந்தமானது என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. இன்றும் விடிவதற்கு முன்பே மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூர் ரயிலுக்கு நிற்கிறார்கள். தினமும் போய்வரக் கட்டுப்படியாகாதவர்கள் வேலை நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகையில் தங்கிவிடுகிறார்கள். வாடகை கொடுக்க முடியாதவர்கள் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக்கொள்கிறார்கள். இன்னொரு பக்கம், மாலூர்ச் செங்கல் சூளைகளுக்கும் கட்டட வேலைக்கும் வெளியூர்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து இறங்குகின்றன. இந்த இரு வகைப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. வீடு மாறும்போதெல்லாம் பள்ளியும் கைநழுவிப் போகிறது.

இவர்களை யாரும் வீடற்றவர்கள் என்று சொல்வதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் வீடற்றோரைக் கணக்கிட்டது. நடைபாதை, பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில் நிலையம் என்று திறந்த இடங்களில் ஒரே இரவில் தென்பட்டவர்களின் எண்ணிக்கை அது. பத்துக்குப் பத்து லைன் வீட்டில் அத்தை குடும்பத்தோடு எட்டுப் பேராகப் படுத்துறங்கும் பிள்ளையும், கட்டடம் முடிந்ததும் பிரிக்கப்படும் கொட்டகையில் இருக்கும் பிள்ளையும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அமெரிக்காவில் 1987-இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டம் இதை வேறு விதமாகப் பார்க்கிறது. நிலையான, தொடர்ச்சியான, போதுமான இராத் தங்கலிடம் இல்லாத பிள்ளை அதன்படி வீடற்ற பிள்ளை. வீடு இழந்து உறவினரோடு நெருக்கியடித்து வாழ்பவர்களும் அதில் அடக்கம். அந்த நாட்டிலேயே வீடற்ற பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தெருவில் இருப்பவர்கள் அல்லர், இப்படி ஒண்டியிருப்பவர்கள்தான். அந்த அளவுகோலைத் தங்கவயலில் வைத்துப் பார்த்தால், நம் கண்ணெதிரே இருந்தும் கணக்கில் வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்று புரியத் தொடங்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் இந்தப் பிள்ளைகளை மனதில் வைத்தே எழுதப்பட்டதோ என்று தோன்றும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழான டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 5-ஆம் பிரிவு. நடுவில் படிப்பு விட்டுப்போன பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்து, தனிப் பயிற்சி கொடுத்து, 14 வயதைத் தாண்டினாலும் எட்டாம் வகுப்பை முடிக்க விடவேண்டும் என்கிறது 4-ஆம் பிரிவு. பிழைப்புக்காக இடம்பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்கிறது 9-ஆம் பிரிவு. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி அலுவலக வாசலில் நிற்கும்போது நடப்பது வேறு. டி.சி. எங்கே, ஆதார் எங்கே, ஜாதிச் சான்றிதழ் எங்கே, ரேஷன் கார்டில் எந்த ஊர் இருக்கிறது என்று கேள்விகள் வரிசையாக வரும். மறுப்பதாக யாரும் சொல்வதில்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றுதான் சொல்வார்கள். இன்னொரு நாள் சம்பளத்தை இழக்க அந்தத் தாயால் முடியாது. அவர் திரும்பி வரமாட்டார். வராத பிள்ளையைத் தேடிப் போவது எந்தத் தனி ஆளுடைய வேலை என்று பெயர் சொல்லி எழுதிவைக்கப்படாததால், ஒருவரும் தேடிப் போவதில்லை.

என் வாதம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வீடற்ற பிள்ளைக்கு இன்னொரு சேர்க்கை முகாம் நடத்துவதால் பெரிய பயன் இல்லை. ஏற்கெனவே படிக்கும் பள்ளியை அந்தப் பிள்ளை இழக்காமல் காப்பதுதான் முதல் வேலை. வீடு ஆட்டம் காணும் காலத்தில் அந்தப் பிள்ளைக்கு மாறாமல் இருப்பவை சில: தெரிந்த டீச்சர், பக்கத்தில் உட்காரும் தோழி, மதியம் வயிறாரச் சாப்பாடு. பள்ளி மாறினால் இவை ஒரே நாளில் போய்விடும். அதுவும் நம் எல்லைப் பகுதியில் மொழியும் சேர்ந்து மாறும். வீட்டில் தமிழோ தெலுங்கோ உருதோ பேசி, பள்ளியில் தட்டுத்தடுமாறிக் கன்னடம் பிடித்துக்கொண்ட பிள்ளை, பெற்றோர் தமிழ்நாட்டு ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போனால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சூளை வேலை மழை ஓய்ந்து தொடங்கிக் கோடை முடியும்வரை நடக்கிறது. பள்ளி ஜூன் வாக்கில் திறந்து ஏப்ரலில் மூடுகிறது. ஆகவே சூளைப் பிள்ளை பாதி வகுப்பை ஓர் ஊரிலும் தேர்வுக் காலத்தை இன்னோர் ஊரிலும் கழிக்கிறது. அமெரிக்கச் சட்டம் இதற்கு நேரடியாக வழி சொல்கிறது. தங்குமிடம் மாறினாலும் பழைய பள்ளியிலேயே தொடரலாம், போய்வர வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும், அப்படியே பள்ளி மாற நேர்ந்தால் காகிதம் எதுவும் இல்லாமல் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதற்கென்று பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு பொறுப்பாளர் பேத்தமங்களா ஹோப்ளிக்கும் வேண்டும். புதுப் பதவி உண்டாக்கத் தேவையில்லை. பள்ளிகளைச் சுற்றிவரும் கல்வித் துறையின் சி.ஆர்.பி.க்கள் இருக்கிறார்கள், கிராம பஞ்சாயத்து இருக்கிறது. அவர்களில் ஒருவருடைய பெயரை எல்லாப் பள்ளிச் சுவரிலும், சூளை வாசலிலும், பஸ் நிலையத்திலும் எழுதிப்போட்டு, பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் இவரைக் கேளுங்கள் என்று சொல்ல முடியும். கர்நாடகத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் சாட்ஸ் என்ற மாணவர் கண்காணிப்பு முறையில் ஓர் எண் இருக்கிறது. ஒரு பள்ளியின் பட்டியலிலிருந்து விலகிய எண் இன்னொரு பள்ளியில் சேராமலேயே இருந்தால், அது உடனே அவர் பார்வைக்கு வரவேண்டும். ஆசிரியர்கள் ஏற்கெனவே கணக்கெடுப்பு, தேர்தல் வேலை என்று நசுங்கிக் கிடக்கிறார்களே என்று கேட்பது நியாயமான கேள்வி. அதனால்தான் இதை எல்லோர் தலையிலும் ஏற்றாமல் ஒருவருக்கு ஒப்படைத்து, அவருக்கு மற்ற வேலைகளைக் குறைக்க வேண்டும் என்கிறேன். எல்லோருக்கும் பொதுவான பொறுப்பாக விட்டதன் விளைவை, பள்ளிக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளைப் பற்றி 2013-இல் ஒரு பத்திரிகைச் செய்தியைப் பார்த்துக் கர்நாடக உயர் நீதிமன்றமே வழக்கெடுக்க நேர்ந்ததில் பார்த்துவிட்டோம்.

இந்தப் பிள்ளைகளை ஹாஸ்டலில் சேர்த்துவிடலாமே என்பார்கள். மொரார்ஜி தேசாய் உறைவிடப் பள்ளிகளும் கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயாக்களும் ஏழைப் பிள்ளைகள் பலரைக் கரையேற்றியிருக்கின்றன, அவை இன்னும் பெருக வேண்டும். ஆனால் மொரார்ஜி பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்துதான் இடம், அதற்கும் நுழைவுத் தேர்வு உண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்கு அங்கே வழியில்லை. இருந்தாலும்கூட, வீட்டை இழந்த குழந்தையிடமிருந்து அம்மாவையும் பிரித்து வைப்பது கடைசி வழியாக இருக்கலாமே தவிர முதல் வழியாக ஆகக் கூடாது. முதலில் வீடு கொடுங்கள், படிப்பு தானாக வரும் என்று சொல்பவர்களும் உண்டு. வீடு கொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சுரங்கம் மூடி எத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன என்று பாருங்கள். அன்றைக்கு ஒன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் இன்று பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள். பட்டா வரும்வரை ஒரு பிள்ளையின் வயது காத்திருக்காது.

வெளி மாநிலத்தாருக்கு நம் பணமா என்ற முணுமுணுப்பும் கேட்கிறது. கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையின் சொந்த ஊரைப் பார்ப்பதில்லை. தங்கவயலின் கதையே, வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்கள் பூமிக்கடியில் இறங்கி ஒரு மாநிலத்தின் கஜானாவை நிரப்பிய கதைதானே. இன்று நம் பிள்ளைகள் பெங்களூரில் கொட்டகையில் இருக்கும்போது அங்குள்ள பள்ளி கதவைத் திறக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்த்தால், மாலூர்ச் சூளைக்கு வந்த பிள்ளைக்கு இங்குள்ள பள்ளியும் திறந்தாக வேண்டும்.

இன்னும் கனமான சிக்கல், 14 வயதோடு, மிஞ்சினால் எட்டாம் வகுப்போடு, சட்டத்தின் பாதுகாப்பு முடிந்துவிடுவது. எட்டாம் வகுப்பு தேறிய பையன்தான் குடும்பத்தின் அடுத்த கூலியாள் ஆகிறான். எஸ்.எஸ்.எல்.சி. வரை இழுத்துப் பிடிக்க இப்போது அவனுக்கு எந்த உரிமையும் இல்லை, தலைமை ஆசிரியரின் நல்ல மனசுதான் இருக்கிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை 18 வயது வரை பேசுகிறது, சட்டம் இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை. அது வரும்வரை மாநிலம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தில் பெண்கள் அரசு பஸ்ஸில் கட்டணமின்றிப் போகலாம், ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். முகவரியே இல்லாத பெண் பிள்ளை என்ன காட்டுவாள்? பையனுக்கு அந்தச் சலுகையும் இல்லை. தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தையே முகவரிச் சான்றாக ஏற்று, வீடு மாறிப்போன பிள்ளை ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் ஆண்டு முழுவதும் பழைய பள்ளிக்கு இலவசமாகப் போய்வர அனுமதிக்கும் ஓர் ஆணையைப் போக்குவரத்துத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து பிறப்பிக்க முடியும். பேத்தமங்களாவுக்கும் தங்கவயலுக்கும் பங்காரப்பேட்டைக்கும் இடையே பஸ்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் அந்த ஆணை வரட்டும்.