லேட்டெக் எழுதுதளமும் தமிழ்த்துறையும்

இணையத்தில் பலர் கூடி எழுதும் லேட்டெக் தளம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நினைக்கும் பல்கலைக்கழகம் கணிதத்துறையைக் கேட்கும், இயற்பியல்துறையைக் கேட்கும். தமிழ்த்துறையைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சமன்பாடு எழுதாதவர்களுக்கு லேட்டெக் எதற்கு என்ற எண்ணம்தான் காரணம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஏடுகளை ஒப்பிட்டுப் பிரதிபேதங்களைக் குறிக்கும் ஒழுக்கத்தை உ.வே.சாமிநாதையரின் பதிப்புகள் நமக்குக் கற்பித்தன. லேட்டெக்கில் ரெலெட்மாக் என்றொரு நிரல்தொகுதி இருக்கிறது. அது அடிகளுக்குத் தானே எண்ணிட்டு, அந்த எண்ணைச் சுட்டிப் பாடவேறுபாடுகளைப் பக்கத்தின் கீழே அமைத்துவிடும். இடையில் ஓர் அடி சேர்ந்தால் எண்களும் உடன் மாறும். சொற்செயலியில் இவற்றைக் கையால் திருத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கூடி எழுதுவதும் எங்களுக்குத் தேவையே. திருப்பூர், பல்லடம் பக்கத்து ஆய்வு மாணவருக்குப் பகலில் வேலை இருக்கும், நெறியாளர் கோவையில் இருப்பார். ஆய்வேடு டிடிபி கடைக்கும் மின்னஞ்சலுக்கும் பென்டிரைவுக்கும் இடையே அலையும். (பாமினி எழுத்துருவில் உறைந்துபோன பழைய ஆய்வேடுகளின் கதை தனி.) இங்கே பனியன் துணி நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என்று எத்தனை யூனிட் ஏறி இறங்கினாலும் டெலிவரி சலான் கூடவே போகிறது. ஆய்வேட்டில் எது கடைசிப் பிரதி என்பது எழுதியவருக்கே தெரிவதில்லை.

பலரும் அறிந்த தளம் ஓவர்லீஃப். 2012இல் ரைட்லேட்டெக் என்ற பெயரில் தொடங்கி, 2017இல் ஷேர்லேட்டெக்கைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அது இயல்பாகப் பயன்படுத்தும் பிடிஎஃப்லேட்டெக், ஒருங்குறித் தமிழுக்கு உதவாது. அமைப்பில் ஸீலேட்டெக் என மாற்றிக்கொள்ள வேண்டும். லுவாலேட்டெக்கும் ஆகும். ஆனால் எழுத்துருவை ஹார்ஃப்பஸ் வழியாக அழைக்காவிட்டால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும்.

சொந்த சர்வரில் நிறுவ அதன் இலவச சமூகப் பதிப்பு உண்டு. நிதி அலுவலருக்கு இது இனிக்கும். ஆனால் அதனுடன் வருவது டெக் லைவின் சுருங்கிய வடிவம். முழுத்தொகுப்பைத் தனியே ஏற்றிக்கொள்ள வேண்டும். இது ஒரு நாள் வேலை, பெரிய குறையில்லை. பெரிய குறை வேறொன்று. நெறியாளரின் திருத்தத்தைத் தனித்துக் காட்டி, அதை ஏற்கவோ மறுக்கவோ இடம் தரும் வசதி சமூகப் பதிப்பில் கிடையாது. அது கட்டணப் பதிப்பில்தான் உண்டு. கணிதத்துறைக்கு இது சிறிய விஷயமாக இருக்கலாம். இலக்கிய ஆய்வில் வாக்கியமே வாதம். நெறியாளர் ஒரு சொல்லை மாற்றினால் மாணவரின் கருத்தே மாறிவிடக்கூடும். மறுக்கும் உரிமை மாணவரின் திரையில் தெரிய வேண்டும். நம் வகுப்பறைகளில் அந்த உரிமையை வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. எனவே இந்த வசதிக்காகக் கட்டணம் கொடுப்பது வீண்செலவு ஆகாது.

ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் புறநானூற்றுப் பாட்டு ஒன்றைப் பாடவேறுபாடுகளோடு அத்தளத்தில் ஏற்றி, இருவர் இரண்டு ஊர்களிலிருந்து ஒரே நேரத்தில் திருத்திப் பார்க்கட்டும். ஒரு பிற்பகல் போதும்.