எண்ணூருக்கு மூன்றாண்டுத் திட்டம் போதுமா?

ராயபுரத்தை அடுத்துள்ள சென்னைத் துறைமுகத்தின் வழியாக மீன், வாசனைப் பொருட்கள், பிண்ணாக்கு, பதனிடாத தோல் முதலியவை கப்பலேறிய காலத்தில், அவற்றின் மதிப்பில் நூற்றுக்கு அரை ரூபாய் வேளாண்மை ஆராய்ச்சிக்கென்று தனியாக வசூலிக்கப்பட்டு வந்தது. 1940ஆம் ஆண்டு இயற்றப்பட்ட விவசாய விளைபொருள் தீர்வைச் சட்டம் இதற்கு வழி செய்தது. இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) மூலம் அந்தப் பணம் பல்கலைக்கழகங்களுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் தற்காலிகத் திட்டங்களாகப் பிரித்து வழங்கப்பட்டது. உழவரும் மீனவரும் உண்டாக்கிய பொருளிலிருந்தே அவர்களுக்கான ஆராய்ச்சிக்குப் பணம் வந்தது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 2006ஆம் ஆண்டு இத்தீர்வை நீக்கப்பட்டது.

இப்பொழுது ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் அரசின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டு, 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் அதில் இணைக்கப்பட்டது. 2023 முதல் 2028 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்று திட்டமிடப்பட்டது. இதில் மத்திய அரசின் பங்கு சுமார் 14,000 கோடி. மீதி தொழில் நிறுவனங்களிடமிருந்தும் நன்கொடையாளரிடமிருந்தும் வரவேண்டும். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவாகும் பங்கு 2020-21இல் 0.64 சதவீதம் மட்டுமே. பாத்திரம் சிறியது, பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களோ ஏராளம். ஆகவே, யாருக்குப் பரிமாறுவது, எதைப் பார்த்துப் பரிமாறுவது என்பது உழவர்களும் கேட்கவேண்டிய கேள்வியாகும்.

இந்தப் பந்தியில் மூத்த விஞ்ஞானியின் நிலை விசித்திரமானது. முப்பது ஆண்டு அனுபவம், நூறு ஆராய்ச்சிக் கட்டுரைகள், பரிசுகள், மாணவர்கள் எல்லாம் அவருக்கு உண்டு. விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர்கள் அவர் பெயரை அறிந்தவர்கள். எனினும் 59 வயதில் அவர் ஒரு திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது, அது முடியும்வரை பணியில் இருப்பாரா என்ற கேள்வி முதலில் எழுகிறது. ஐ.சி.ஏ.ஆர். விஞ்ஞானிகளுக்கே ஓய்வு பெறும் வயது 62தான். எனவே அவர் தம் பணிக்காலத்துக்குள் அடங்கும் வேலையையே எழுதிக் கேட்கிறார். மூன்று ஆண்டில் முடியக்கூடியது, மூன்று கட்டுரை வரக்கூடியது எதுவோ அதுவே திட்டமாகிறது. நிலத்துக்கு வேண்டியது அதுதானா என்பது வேறு விஷயம்.

மீஞ்சூர்க் கிணறுகள்

வடசென்னையில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் ஆரணியாறு - கொசஸ்தலையாறு படுகையில் நிலத்தடி நீர் ஆராயப்பட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் நல்ல நீர் இருப்பது கண்டறியப்பட்டு, கிணறுகள் தோண்டப்பட்டு, மணலித் தொழிற்சாலைகளுக்கு நீர் கொண்டுசெல்லப்பட்டது. உரமும் எண்ணெயும் உற்பத்தியாக அந்த நீர் உதவியது உண்மை. ஆனால் மீஞ்சூரில் 1969ஆம் ஆண்டு வாக்கிலேயே கடல் நீர் சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்தது. பிற்கால ஆய்வுகளில் அது 10 கிலோமீட்டரையும் தாண்டிவிட்டது.

இதன் காரணம் எளிது. நன்னீர் உப்பு நீரைவிட இலேசானது. ஆகவே பூமிக்கடியில் உப்பு நீரின்மேல் அது மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். பம்பு செட்டினால் மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உப்பு நீர் காலப்போக்கில் 40 அடி ஏறுகிறது. ஏறிய உப்பு ஒரு மழையில் இறங்கிவிடாது. பல ஆண்டுகள் நல்ல மழை பெய்து, இறைப்பும் குறைந்திருக்க வேண்டும்.

பொன்னேரி, மீஞ்சூர் வட்டாரத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய பட்டங்களில் நெல் விளைகிறது. மண்ணின் உப்பு, மின்கடத்துதிறன் அளவில் 3 டெசிசைமனைத் தாண்டினால் நெல்லின் மகசூல் குறையத் தொடங்கும். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் பயிர் மிகவும் நலியும். இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டும். களர் நிலத்துக்கு ஜிப்சம் இட்டுச் சீர்திருத்தலாம். திருச்சியில் உருவான டி.ஆர்.ஒய். ரகங்களும் களருக்கு ஏற்றவை. கடல் நீரால் உண்டான உவர் நிலத்துக்கு ஜிப்சம் மட்டும் பயன்படாது. உப்பைக் கரைத்து வடிக்க நல்ல தண்ணீர் வேண்டும். அந்த நல்ல தண்ணீர்தான் அங்கே இல்லை.

ஆகவே மீஞ்சூருக்கு வேண்டியது ஒரு புதிய மருந்தோ, ஒரு புதிய ரகமோ மட்டும் அல்ல. எந்தக் கிணறு எந்த மாதத்தில் எவ்வளவு உப்பு, அதே நிலத்து மண்ணில் எவ்வளவு, அதே வயலில் எத்தனை மூட்டை நெல் என்ற மூன்றையும் ஒரே பதிவேட்டில் ஆண்டுக்கு ஆண்டு எழுதிவர வேண்டும். நிலத்தடி நீரை அளக்கும் துறை வேறு, மண்ணைச் சோதிக்கும் கூடம் வேறு, மகசூலைக் கணக்கிடும் அலுவலகம் வேறு. மூன்றையும் இணைத்து ஒரு விஞ்ஞானி விண்ணப்பம் எழுதினால், இது வேளாண்மையா, நிலத்தடி நீரியலா, சுற்றுச்சூழலா என்று ஒவ்வொரு குழுவும் அடுத்த குழுவைக் காட்டும்.

முகத்துவாரத்தின் நிலை

கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தில் நிலைமை இதைவிடச் சிக்கலானது. அனல் மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாக ஆற்றில் படிந்திருக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் சிந்தியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூருக்கு வந்து, படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி மரங்களிலும் படிந்தது. இவை போதாதென்று, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கரைகளைச் சேர்ந்த ஒரு சிப்பியினம் ஆற்றின் அடியில் பாய் விரித்தாற்போல் படர்ந்து, இறால் மேயும் சேற்றை மூடிவிட்டது. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். அது பரவுவதை முதலில் கண்டு குரல் கொடுத்தவர்களும் ஆற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் மக்களே.

எண்ணெய் சிந்தியவுடன் ஆராய்ச்சியாளர்கள் பலர் வந்து மாதிரி எடுத்தார்கள். வரவேண்டியதுதான். ஆனால் எண்ணெய்க்கு முந்தைய ஆண்டுகளில் அதே இடத்தில், அதே மாதத்தில் இறால் எவ்வளவு கிடைத்தது என்ற கணக்கு இல்லாவிட்டால், நஷ்டம் எவ்வளவு என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நிவாரணம் கேட்கும் மீனவரின் கையில் அப்போது அவர் சொல் மட்டுமே இருக்கும். நீதிமன்றத்தில் அந்தச் சொல்லுக்கு எதிராக அட்டவணைகள் வந்து நிற்கும்.

இத்தகைய கணக்கு மூன்றாண்டுத் திட்டத்தில் எப்படி உருவாகும்? முதலாண்டில் பணம் வந்து, ஆள் நியமித்து, கருவி வாங்கும் நடைமுறை முடிவதற்குள் பருவம் போய்விடுகிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது ஆராய்ச்சிக்கும் பொருந்தும். பணம் மார்கழியில் வந்து சேர்ந்தால் அந்த ஆண்டுச் சம்பா ஆராய்ச்சிக்கு உதவாது. மூன்றாம் ஆண்டில் பாதி, அறிக்கைக்கும் செலவுச் சான்றிதழுக்கும் சரியாகிவிடும். இடையில் கிடைப்பது ஒன்றரை ஆண்டு. அதில் ஒரு வெள்ளமோ ஒரு வறட்சியோ வந்தால் எல்லாக் கணக்கும் புரண்டுவிடும்.

மூத்தவரா, இளைஞரா?

மூத்தவர்களே பணத்தையெல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள் என்ற குறை எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2017 மே மாதத்தில், ஒரு விஞ்ஞானி சுமார் மூன்று பெரிய மானியங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று வரம்பு கட்ட முனைந்தது. பலத்த எதிர்ப்பு எழுந்தது. ஜூன் மாதத்திலேயே அத்திட்டம் கைவிடப்பட்டு, இளையவர்களுக்கெனத் தனியாகப் பணம் ஒதுக்குவது என்று முடிவாயிற்று. அவ்வளவு பணம் உள்ள நாட்டுக்கே இந்தத் தகராறு என்றால் இங்கே சொல்லவேண்டியதில்லை.

குறையில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஒரே பெரியவரின் பெயர் நான்கைந்து திட்டங்களில் முதன்மை ஆய்வாளர் என்று இருக்கும். அவர் பகலெல்லாம் கூட்டங்களில் இருப்பார். வயலுக்குப் போவது மாதச் சம்பளத்துக்கு வந்த இளைஞர். திட்டம் முடிந்த மறுநாள் அவருக்கு வேலை இல்லை, அவருடன் அனுபவமும் போய்விடுகிறது. பழைய புகழைப் பார்த்துப் பணம் தருவது, சென்ற ஆண்டு மகசூலுக்கு இந்த ஆண்டு உரம் வைப்பது போன்றது.

எனினும் எண்ணூர் போன்ற இடத்துக்கு மூத்தவர் தேவை. நீர்த்துறை, மின்வாரியம், துறைமுகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மீன்வளத் துறை ஆகிய அனைவரையும் ஒரு மேசையில் உட்கார வைக்க, பணியில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரால் இயலாது. சங்கடமான ஓர் எண்ணை அறிக்கையில் எழுதும் துணிவும், பதவி உயர்வை எதிர்பார்க்காத வயதில் சற்று எளிதாக வருகிறது. மூத்த விஞ்ஞானியின் விண்ணப்பத்தில் பார்க்கவேண்டிய தகுதி இதுவே. கட்டுரைகளின் எண்ணிக்கையை எந்தக் குமாஸ்தாவும் கூட்டிச் சொல்லிவிடலாம்.

கோவையிலும் திரூரிலும்

நீண்டகால ஆராய்ச்சி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கோயம்புத்தூரில் 1909ஆம் ஆண்டு தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல், தொடங்கியவர்கள் மறைந்து பல தலைமுறை ஆனபிறகும் பாடம் சொல்லிவந்தது. 1970ஆம் ஆண்டு ஐ.சி.ஏ.ஆர். தொடங்கிய அகில இந்திய நீண்டகால உரப் பரிசோதனைத் திட்டமும் இத்தகையதே. தழைச்சத்தை மட்டும் ஆண்டுதோறும் இட்டுவந்த நிலம் மெல்ல மெல்ல வலுவிழப்பதை இத்தகைய வயல்களே காட்டின. மூன்று ஆண்டில் அது தெரிந்திருக்காது.

எண்ணூருக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திருவள்ளூர் மாவட்டம் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6 ரகம் 1952இல் வெளியாயிற்று. அதைத் தாயாதியாகக் கொண்டு பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஐ.ஆர். 20, 1969இல் வெளிவந்து, பின்னர் தமிழகமெங்கும் பயிரானதை முதிய உழவர்கள் நன்கு அறிவார்கள். குருத்துப்பூச்சியைத் தாங்கும் குணம் டி.கே.எம். 6இல் இருந்ததே அதற்குக் காரணம். இதற்கிடையே 17 ஆண்டுகள். இடையில் யாராவது வந்து, மூன்று ஆண்டில் என்ன பயன் என்று கேட்டிருந்தால், திரூரில் இருந்தவர்களிடம் பதில் இருந்திருக்காது.

ஆகவே பொதுப்பணம் வழங்கும் நிறுவனங்கள் மூத்தவர்களுக்கென ஒரு தனி வகையை வைக்கலாம். தொகை சிறியதாகவும் காலம் பத்து ஆண்டாகவும் இருக்க வேண்டும். ஒரு களப்பணியாளரின் சம்பளம், உப்பு அளக்கும் கருவி, பயணச் செலவு ஆகியவற்றுக்குப் போதுமானால் சரி. கட்டடமும் காரும் வேண்டாம். தொகை சிறியதானால் இளையவர்களின் பங்கும் பெரிதாகக் குறையாது. விண்ணப்பத்தில் முதல் நாளே இரண்டு பெயர் இருக்க வேண்டும்: ஒருவர் ஓய்வு பெறப்போகிறவர், மற்றவர் இன்னும் இருபது ஆண்டு பணியில் இருப்பவர். நான்காம் ஆண்டிலிருந்து பொறுப்பு இரண்டாமவருக்குப் போகும். பத்தாண்டுப் பணம் சிலருக்கு ஓய்வூதியம்போல் ஆகிவிடும் என்ற அச்சம் சரியானதே. ஆகவே ஒவ்வோர் ஆண்டு அளவையும் அந்தந்தக் கிராமத்தில் தமிழில் எழுதி ஒட்டாதவர்களுக்கு மறு ஆண்டு பணம் நிறுத்தப்பட வேண்டும். பரிசீலனைக் குழுவில் ஓர் உழவருக்கும் ஒரு மீனவருக்கும் இடம் தந்தால், கேள்விகள் தாமாகவே கூர்மையாகும்.

விஞ்ஞானி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மீஞ்சூர், பொன்னேரி உழவர்கள் ஆண்டுக்கு இருமுறை, மழைக்காலம் முடிந்த தை மாதத்திலும் கோடை முற்றிய வைகாசியிலும், கிணற்று நீரை ஒரு சுத்தமான பாட்டிலில் எடுத்து மண், நீர் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, வரும் அளவை நோட்டில் குறித்துவரலாம். பம்பு செட்டை 10 நிமிடம் ஓடவிட்டபின் நீர் எடுக்க வேண்டும். தேதியையும் கிணற்றின் ஆழத்தையும் பாட்டிலின்மேல் எழுத மறக்கக் கூடாது. முகத்துவார மீனவர்கள் நாள்தோறும் எடை போடும் இறாலின் அளவைச் சங்கத்தின் பேரேட்டில் ஒரு வரியில் ஏற்றிவைக்கலாம். அடுத்த முறை விண்ணப்பம் எழுதும் விஞ்ஞானி, அந்த நோட்டின் நகலை முதல் பக்கமாக இணைக்கட்டும்.